பிரசவ வகுப்பு எடுக்கத் தெரியும், வெளியே சொல்லத்தான் கூச்சம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் 7 வருடமாக வகுப்பு எடுத்து வருகிறேன். அதற்கு முன் பிரசவ வார்டில் செவிலியர். இப்போது இதே வேலையைத் தொடங்க நினைக்கும் பெண்கள் போனில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். ஒருவர் யோகா டீச்சர், ஒருவர் பிசியோதெரபிஸ்ட், இன்னொருவர் தன் பிரசவத்துக்குப் பிறகு ஆர்வம் வந்து பயிற்சி எடுத்தவர். மூச்சுப் பயிற்சியை எப்படிச் சொல்லித் தருவது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அது அவர்களுக்குத் தெரியும். "நான் இதைச் செய்கிறேன் என்று நாலு பேரிடம் எப்படிச் சொல்வது? வாய் வரவில்லையே" என்பதுதான் எல்லோருடைய பிரச்சினையும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

"பிள்ளை பெறுவதற்கு ஒரு வகுப்பா? எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. முதல் வருடம் எனக்குக் கோபம் வரும். இப்போது, "உங்க காலத்துல யாரு சொல்லிக் கொடுத்தா அத்தை?" என்று திருப்பிக் கேட்கிறேன். அப்புறம் அரை மணி நேரம் அவர்தான் பேசுவார். பாட்டி சொன்னது, பெரியம்மா இடுப்பைப் பிடித்துவிட்டது, தெருக்கோடி மருத்துவச்சி வந்தது, அக்காவுக்கு வலி எடுத்தபோது கதவு இடுக்கில் எட்டிப் பார்த்து அடி வாங்கியது. அவர்களுக்கும் வகுப்பு நடந்திருக்கிறது. பெயர்ப்பலகைதான் இல்லை.

இன்றைய பெண்ணுக்கு அந்தக் கதவு இடுக்கு கிடையாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. எத்தனையோ உயிர்களைக் காத்த மாற்றம் அது, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் பிரசவம் வீட்டை விட்டுப் போனபோது, அதைப் பற்றிய பேச்சும் கூடவே போய்விட்டது. முதல் பிரசவத்துக்குப் போகிற பெண் பார்த்திருப்பதெல்லாம் சினிமாப் பிரசவம். ஓர் அலறல், வராந்தாவில் நடக்கிற கணவன், உடனே குழந்தை அழுகை. நடுவில் 12 மணி நேரமோ 16 மணி நேரமோ இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்த நடுவில் இருக்கிற நேரத்தைத்தான் நாம் சொல்லித் தருகிறோம்.

இதை ஒருமுறை நீங்களே நம்பிவிட்டால் கேலிப் பேச்சு அவ்வளவாக உறைக்காது.

"ஹோலிஸ்டிக்" என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது? "இயற்கைப் பிரசவ வகுப்பு" என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ள முயன்றதில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அடுத்த மாதமே கோவையில், வீட்டுப் பிரசவத்துக்கு ஒருநாள் இலவசப் பயிற்சி என்று விளம்பரம் கொடுத்தவர் கைதானார். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் "இயற்கைப் பிரசவம்" என்ற சொல்லைக் கேட்டால் டாக்டருக்கும் சுகாதாரத் துறைக்கும் அந்த இரண்டு செய்திகளும்தான் ஞாபகம் வரும். வந்தால் அது நியாயம். நீங்கள் அந்தச் சொல்லை வேறு நல்ல அர்த்தத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் சுவரொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

"முழுமையான", "ஒருங்கிணைந்த" என்ற சொற்களும் எனக்குப் பிடிக்கவில்லை. மருந்துக் கடைப் புட்டியில் ஒட்டியது போல இருக்கின்றன. ஹோலிஸ்டிக் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதை அப்படியே பிரித்து எழுதுங்கள். என் பலகையில் இருப்பது இதுதான்: "பிரசவத் தயாரிப்பு வகுப்பு. உடம்புக்குப் பயிற்சி, வலியைத் தாங்க வழி, ஆஸ்பத்திரியில் என்னென்ன நடக்கும், தாய்ப்பால், வீட்டுக்கு வந்த முதல் 40 நாள். கணவர், அம்மா, மாமியார் சேர்ந்து வரலாம்." கீழே சின்னதாக: "உங்கள் டாக்டரிடம் பரிசோதனையைத் தொடருங்கள். வீட்டுப் பிரசவத்துக்கு நாங்கள் உதவுவதில்லை."

அந்தக் கடைசி வரியைப் போட்டால் ஆள் வரமாட்டார்கள் என்று பயந்தேன். நடந்தது தலைகீழ். வாசலில் நின்று படித்துவிட்டு உள்ளே வந்த மாமனார்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குள்ளும் ஒரு மாற்றம் வந்தது. நான் யார் இல்லை என்று எழுதி ஒட்டிவிட்ட பிறகு, நான் யார் என்று பேசும்போது குரல் நடுங்கவில்லை.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. எந்தத் தைரியத்தில் விளம்பரம் செய்வது?

டாக்டருக்கும் செவிலியருக்கும் கவுன்சில் பதிவு இருப்பதுபோல இந்த வேலைக்குத் தனிப் பதிவு கிடையாது. யார் வேண்டுமானாலும் நாளைக்கே பலகை மாட்டலாம். அதனால்தான் மனசாட்சி உள்ளவர்களுக்குத் தயக்கம் வருகிறது. இல்லாதவர்கள் தயங்குவதே இல்லை, கவனித்திருப்பீர்கள்.

முதலில் முறையான ஒரு பயிற்சி எடுங்கள். வலி ஏற்படுவதில் பயத்துக்கும் பங்கு உண்டு என்று இங்கிலாந்தில் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற மகப்பேறு மருத்துவர் எழுதி எத்தனையோ வருடமாகிறது. 1950-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் பெர்னாண்ட் லமாஸ் என்ற மகப்பேறு மருத்துவர் சோவியத் நாட்டில் பார்த்துவந்த மூச்சு, தளர்வு முறைகளைப் பிரபலமாக்கினார். அவர் பெயரிலேயே இன்றும் பயிற்சியும் சான்றிதழும் தருகிறார்கள். எதில் சேர்ந்தாலும், சேரும் முன் ஒன்று கேளுங்கள்: "எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லித் தருவீர்களா?" அந்தப் பாடம் இல்லாத பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் நீங்கள் சொல்லக் கூடியவை: எப்படி உட்காருவது, எப்படி மூச்சு விடுவது, சூட்டு வலிக்கும் பிரசவ வலிக்கும் வித்தியாசம், ஆஸ்பத்திரிப் பையில் என்ன எடுத்து வைப்பது, பிக்மி எண் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்) எதற்கு. மறுபக்கம் நீங்கள் தொடவே கூடாதவை: ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்வது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, "தண்ணி கம்மியா இருக்காம், இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, காய்ச்சல், பனிக்குடம் உடைவது, குழந்தை அசைவு குறைவது. இவற்றில் எது வந்தாலும் உங்கள் பதில் ஒன்றே ஒன்றுதான்: "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க." வண்டி இல்லையா, 108.

"எனக்குத் தெரியாது, டாக்டரிடம் கேளுங்கள்" என்பதைக் கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புதிதாக வகுப்பு எடுப்பவர்களை மாட்டிவிடுவது தெரியாத கேள்வி வந்துவிடுமோ என்ற பயம்தான். அந்தக் கேள்விக்கும் பதில் கையில் இருந்தால் பயத்துக்கு வேலை என்ன?

எனக்கே சிசேரியன்தான். நான் எப்படிச் சுகப்பிரசவத்துக்கு வகுப்பு எடுப்பது?

நீங்கள் எடுப்பது பிரசவத்துக்கான வகுப்பு. சிசேரியனும் பிரசவம்தான். மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 10 பேரில் நாலைந்து பேர் அந்த மேஜையில் படுக்கத்தான் போகிறார்கள். முதுகில் ஊசி போடும்போது எப்படிக் குனிந்து உட்காருவது, தையலோடு எப்படிப் பக்கவாட்டில் திரும்பி எழுந்திருப்பது, பால் கொடுக்கக் குழந்தையை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது. இதை உங்களைவிட யார் நன்றாகச் சொல்லித் தருவார்கள்?

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் ஆஸ்பத்திரி மேல் இன்னும் கோபம் இருந்தால் அது ஆறட்டும். ஆறாமல் வகுப்பெடுத்தால், எதிரே இருப்பவள் தன் டாக்டரைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் கதைதான் உங்கள் காதில் விழும்.

விளம்பரத்தில் என்ன எழுதக் கூடாது?

முதல் வருடம் நான் அடித்த நோட்டீஸில் "சிசேரியனைத் தவிர்க்கலாம்!" என்று ஆச்சரியக்குறியோடு போட்டிருந்தேன். ஊரில் ஒரு மருத்துவமனையிலிருந்து மூத்த டாக்டரம்மா கூப்பிட்டார். திட்டவில்லை. "குழந்தை குறுக்கே கிடந்தா எப்படிம்மா தவிர்ப்ப?" என்று மட்டும் கேட்டார். மிச்சமிருந்த 400 நோட்டீஸையும் பரணில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. கொலுவுக்குப் பொம்மை சுற்ற உதவுகின்றன.

ஆக, உத்தரவாதம் எதுவும் வேண்டாம். "சுகப்பிரசவம் நிச்சயம்", "வலியே இல்லாத பிரசவம்", "புத்திசாலிக் குழந்தை", "சிவப்பான குழந்தை" எல்லாம் வேண்டாம். வழிதவறச் செய்யும் விளம்பரங்களை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தடை செய்கிறது. சேவைகளுக்கும் அது பொருந்தும். லேகியம், எண்ணெய், தாயத்து என்று கூடவே ஏதாவது விற்பவராக இருந்தால் 1954-ம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரண விளம்பரச் சட்டத்தையும் படித்துவிடுங்கள்.

ஆணா பெண்ணா என்ற பேச்சு, விளையாட்டுக்குக்கூட வேண்டாம். வயிறு கூர்மையாக இருந்தால் ஆண், மாங்காய் கேட்டால் பெண் என்று ரீல்ஸ் போட்டால் நன்றாக ஓடும்தான். ஆனால் பிறக்கும் முன் பாலினம் அறிவதை ஒட்டிய விளம்பரத்துக்கு 1994-ம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. சட்டம் கிடக்கட்டும். இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு மூன்றாவதைச் சுமந்துகொண்டு உங்கள் முன் உட்கார்ந்திருப்பவள் அந்த வீடியோவைப் பார்த்தால் என்ன நினைப்பாள்?

இவ்வளவையும் கழித்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். வகுப்பில் என்ன நடக்கிறதோ அது மிச்சம். "நான்காவது வாரம்: கணவர் எப்படி இடுப்பை அழுத்திவிட வேண்டும், நேரில் செய்து பார்க்கலாம்." இந்த ஒரு வரிக்கு வந்த போன்கள் அந்த ஆச்சரியக்குறிக்கு வரவில்லை.

கேமரா முன்னால் வாயே திறக்கவில்லை. என்ன செய்வது?

கேமராவைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. சொற்கள்.

நம் வீடுகளில் இடுப்புக்குக் கீழே எதற்கும் பெயர் கிடையாது. "கீழ", "அடியில", "அந்த இடம்". அவ்வளவுதான். பயிற்சியோ ஆங்கிலத்தில் நடக்கிறது. அங்கே எல்லாவற்றையும் கூசாமல் சொல்லிவிடலாம். வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லும்போது நாக்கு மடங்கிவிடும். அதனால்தான் பலர் ஆங்கிலத்திலேயே வீடியோ போடுகிறார்கள், அப்புறம் துறையூரிலிருந்து யாரும் வரவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள்.

கர்ப்பப்பை வாய், பிறப்புறுப்பு, நஞ்சுக்கொடி, தையல், மலம், மார்க்காம்பு. இவற்றைத் தினமும் சமைக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் யாராவது முறைப்பார்கள், முறைக்கட்டும். கூடவே வார்டு பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே "ரெண்டு விரல் திறந்திருக்கு" என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிட வீடியோ போடுங்கள். வலி எடுத்து வந்தவள் "இன்னும் ரெண்டு விரல்தானா!" என்று உடைந்துபோவாள். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளின்படி தீவிரப் பிரசவக் கட்டம் கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் தொடங்குகிறது, அதற்கு முந்தைய கட்டம் ஆளுக்கு ஆள் மாறும். இது தெரிந்திருந்தால் அவளுக்கு அந்த இரவு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். இப்படி 20 சொற்களுக்கு 20 வீடியோ எடுக்கலாம். கொடி சுற்றியிருக்கு, தலை இறங்கல, தண்ணி கம்மி, எனிமா, சீம்பால். டாக்டர் என்ன சொல்ல வருகிறார் என்பதை விளக்குங்கள், என்ன செய்ய வேண்டும் என்பதை டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.

முகம் காட்டக் கூச்சமா? கையை மட்டும் காட்டுங்கள். ஆஸ்பத்திரிப் பையில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் இரண்டு கை, பின்னால் உங்கள் குரல். பழைய வேட்டித் துணி, நைட்டி, பிளாஸ்க், ஆதார் நகல், செல்போன் சார்ஜர். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். வீடியோவே வேண்டாம் என்றால் வாட்ஸ்ஆப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவு போதும். கர்ப்பிணிகள் படுத்துக்கொண்டே கேட்பார்கள்.

வீட்டில் மாமியார் விடமாட்டார், அம்மா விடமாட்டார் என்று வரத் தயங்குகிறார்களே?

அவர்களையும் கூப்பிடுங்கள். தனிக் கட்டணம் கேட்காதீர்கள். நல்ல நாற்காலியை அவர்களுக்குக் கொடுங்கள்.

இங்கே மலைக்கோட்டையில் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். பிரசவத்துக்காகத் தாயை எதிர்பார்த்துக் காத்திருந்தாள் ரத்னாவதி. காவிரியில் வெள்ளம், தாயால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. சிவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார், வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வரும் வரை கூடவே இருந்தார் என்பது தலபுராணம். இன்றும் சுகப்பிரசவத்துக்கு அங்கே வாழைத்தார் வேண்டிக்கொள்கிறார்கள். முதல் வகுப்பில் இந்தக் கதையை நான் சொல்லமாட்டேன், வந்திருக்கும் பாட்டியைச் சொல்லச் சொல்வேன். அவர் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்பேன்: "சாமி என்ன செஞ்சாரு? கூட இருந்தாரு. நீங்களும் கூட இருக்கப் போறீங்க. எப்படி இருக்கலாம்னு பார்ப்போமா?" அதற்குப் பிறகு வகுப்பில் அவர்தான் முன்வரிசை.

சூட்டு வலிக்குச் சீரகத் தண்ணீர், திருக்கருகாவூர் கோயில் எண்ணெய், பத்தியச் சாப்பாடு. இவற்றோடு சண்டை போடாதீர்கள். சண்டை போட வேண்டிய இடம் இரண்டுதான். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது ஒன்று, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ எதுவுமே கூடாது. சீம்பாலைப் பீச்சிக் கீழே விடுவது இன்னொன்று. ஊரில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இந்த இரண்டுக்கு மட்டும் "வேண்டாம் அத்தை" என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

டாக்டர்களை எப்படி அணுகுவது? நம்மைப் போட்டி என்று நினைக்கமாட்டார்களா?

சிலர் நினைப்பார்கள். ஓ.பி. நேரத்தில் போய் நிற்காதீர்கள். வரிசையில் 60 பேர் உட்கார்ந்திருக்கும்போது யார் வந்தாலும் எரிச்சல்தான். ஒரு பக்கக் கடிதம் எழுதி ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு வாருங்கள். அதில் உங்கள் பாடத்திட்டம், நீங்கள் செய்யாதவை, கடைசியில் ஒரு கேள்வி: "உங்களிடம் வருகிறவர்களுக்கு நான் எதைச் சொல்லித் தந்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" எனக்கு முதலில் பதில் தந்த டாக்டர் கேட்டது இவ்வளவுதான்: "தள்ளச் சொல்லும்போது தொண்டையால கத்தாம கீழே தள்ளச் சொல்லிக் குடும்மா." அதை நான்காம் வகுப்பில் சேர்த்தேன். அவரிடமிருந்து இன்றுவரை ஆட்கள் வருகிறார்கள்.

ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்ல உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும். பிரசவ நேரத்தில் ஒருவர் தொடர்ந்து துணை இருப்பது குறித்து 2017-ல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பு 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. துணை இருந்த பெண்களுக்குத் தானாக நடக்கும் பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, வலி நேரமும் குறைந்திருந்தது. இது துணைக்கான சான்று. வகுப்புக்கான சான்று என்று நீட்டிச் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்கள் அந்த வித்தியாசத்தை உடனே பிடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை 2004-லிருந்தே அனுமதி உள்ள விஷயம். அந்தத் துணையாகப் போகிற அம்மாவோ அக்காவோ அங்கே என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்லித் தருகிறோம். இப்படிப் பேசினால் போட்டி என்ற எண்ணம் வராது.

கட்டணத்தைச் சொல்லும்போது நாக்கு எழவில்லை. இலவசமாகவே எடுத்துவிடலாமா?

முதல் 10 பேருக்கு நானும் இலவசமாக எடுத்தேன். அதில் 6 பேர் இரண்டாவது வகுப்புக்கு வரவில்லை. 6 வகுப்புக்கு 3,000 ரூபாய் என்று வைத்த பிறகு, மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆட்கள் ஒரே மாதிரியான ஆட்கள்தான்.

தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டம். "மூவாயிரம்" என்று சொன்ன உடனே, எதிரே இருப்பவர் யோசிக்கக்கூட நேரம் தராமல், "இல்ல, உங்களால முடிஞ்சத குடுங்க" என்று நாமே இறங்கிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் மூன்றிலேயே "சரி, ஜிபே நம்பர் சொல்லுங்க" என்று வந்துவிடும்.

முடியாதவர்களுக்கு வழி வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அதைத் தனியாக, தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை நான் கட்டணமில்லாமல் எடுக்கிறேன். அதில் பாதி நேரம் பிக்மி பதிவு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு என்னென்ன காகிதம் என்பதிலேயே போய்விடுகிறது. மற்ற நாட்களில் யாருக்கும் பேரம் இல்லை.

கணக்கு விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம், அதற்குப் பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள்.

வந்தவர்களின் போட்டோவையும் பிரசவக் கதையையும் போடலாமா?

குழந்தை பிறந்து 40 நாள் ஆகும் முன் கேட்கவே கேட்காதீர்கள். கர்ப்ப காலப் போட்டோவும் வேண்டாம். கண் பட்டுவிடும் என்று நினைக்கிற வீடு நம்முடையது. அவர்கள் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்கள், வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பின்னால் எடுக்கச் சொன்னால் அன்றே எடுத்துவிடுங்கள். சுகப்பிரசவக் கதைகளை மட்டும் பொறுக்கிப் போடாதீர்கள்.

வகுப்புக்கு வந்த ஒருவருக்குப் பிரசவம் மோசமாக முடிந்தால், அதற்குப் பிறகு எப்படி வெளியே போய்ப் பேசுவது?

எனக்கு மூன்றாவது வருடம் அது நடந்தது. 38-வது வாரத்தில் ஒரு பெண்ணின் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. காரணம் தெரியவில்லை என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். என் வகுப்பில் மிக நன்றாகப் பயிற்சி செய்தவள் அவள்.

அவள் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய அம்மா காபி கொடுத்தார். அவள் ஒன்றுதான் சொன்னாள்: "அக்கா, அந்தக் குரூப்ல இருந்து என்னை எடுத்துடுங்க." எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் அந்த வாரம் மட்டும் நாலு குழந்தைகளின் போட்டோ வந்திருந்தது. அவளே கேட்கும்வரை அது எனக்குத் தோன்றவில்லை. இப்போது, செய்தி காதில் விழுந்த உடனே கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பெயரை எடுத்துவிடுகிறேன். குழுவில் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் எதுவும் பதிவிடவில்லை, யாருக்கும் வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. மறுபடி எழுத உட்கார்ந்தபோது பழைய பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். குழந்தை அசைவைக் கவனிப்பது ஆறாவது வகுப்பில், கடைசிப் பத்து நிமிடத்தில் இருந்தது. அதை முதல் வகுப்புக்கு மாற்றினேன். அவளுக்கு அது உதவியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றிய பாடத்திட்டத்தைத்தான் அடுத்த பதிவாகப் போட்டேன், வேறு எதுவும் எழுத வரவில்லை.

வளைகாப்பில் விசிட்டிங் கார்டு கொடுக்கலாமா? நிறையக் கர்ப்பிணிகள் வருவார்களே?

வேண்டாம். கூப்பிட்டிருந்தால் போய்ச் சந்தனம் தடவி, வளையல் போட்டுவிட்டு, கலவை சாதம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் எப்படியும் கேட்பார்: "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" அதற்குத்தான் ஒரு வரி தயாராக இருக்க வேண்டும். என்னுடையது, "ரெண்டும் இல்லீங்க, பொண்ணுக்குப் பிரசவ வகுப்பு எடுத்த டீச்சர்." அடுத்த கேள்வி பெரும்பாலும் "அப்படின்னா?" என்றுதான் வரும். புளிசாதம் முடிந்து தயிர்சாதம் வரும்வரை நேரம் இருக்கிறது.